நொடிக்கு ஐந்து அடி

எனக்குக் கல்யாணமான மறு வருஷம் என் கணவரைக் கொல்லிமலைக்கு அனுப்பினார்கள். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு அது. அவர் சர்க்காரில் ஓவர்சீயர். அங்கே தேவனூர் நாடு என்ற பகுதியில் ஓடும் ஆற்றில் வருஷம் முழுக்க எவ்வளவு தண்ணீர் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளந்து எழுத வேண்டும். போதுமான தண்ணீர் இருந்தால் அதை மலையிலிருந்து கீழே விழவைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று மேலே யாருக்கோ யோசனை.

மலைக்காய்ச்சலுக்குப் பயந்து என்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். என் மாமியார் மட்டும், "அவனுக்கு வெளியூர்ச் சோறு ஒத்துக்காது, கூடப் போயிட்டு வா சாமி" என்றார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எட்டாவது வரை படித்தவள். இரண்டு பேருமே ராசிபுரம் பக்கத்துக் காட்டுவேலைக் குடும்பம். மலையை நான் தினம் பார்த்து வளர்ந்தவள்தான், ஆனால் மேலே ஏறியதில்லை. மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து விடியலில் நடக்கத் தொடங்கினோம். தட்டுமுட்டுச் சாமான்களைத் தலைச்சுமையாக நாலு பேர் கொண்டுவந்தார்கள். பாதி ஏற்றத்தில் நான் பின்தங்கிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "மணிக்கு ஒரு மைலுகூட வராது போலிருக்கே புள்ள" என்றார். வேகம் பற்றி அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஆற்றங்கரையில் மூங்கில் தட்டியும் புல்லும் வைத்துக் கட்டிய குடிசை எங்களுக்கு. பக்கத்திலேயே இன்னொரு குடிசையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. கொஞ்சம் தள்ளி, மேட்டில், ஒரு மலைக்காரக் குடும்பத்தின் வீடு. கணவனும் மனைவியும் மட்டும்தான். அந்த ஆள் என் கணவரைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர் இருப்பார். உயரமான ஆள். தான் சொன்ன வேடிக்கைக்குத் தானே முதலில் சிரிப்பார். அளவு வேலைக்கு ஒத்தாசையாக அவரை வைத்துக்கொண்டோம். அவர் மனைவி அதே மலையில் திருப்புலி நாட்டில் பிறந்தவர். வார்த்தை குறைவு, ஆனால் சொன்னால் அறுத்துவைத்தது மாதிரி இருக்கும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அவர்களுக்கு மேட்டில் சாமையும் குச்சிக்கிழங்கும். ஆற்றோரமாக ஒரு வரிசைப் பலாமரங்கள். ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி அடிமரம் தெரியாமல் ஏறி மூடியிருக்கும். அந்த மரங்களை அந்த ஆளின் அப்பா வைத்தாராம். குடும்பத்துக்கு உப்பும் துணியும் வருவது அந்த மிளகிலிருந்துதான்.

நாங்கள் போன மாதத்திலேயே குமாஸ்தாவுக்குக் காய்ச்சல் கண்டது. கொய்னா மாத்திரைக்கும் அடங்கவில்லை. தூளியில் வைத்துக் கீழே இறக்கினார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. வேறு ஆளும் வரவில்லை. வேகம் பார்க்க ஆள் வேண்டும். மலைக்கார அண்ணனுக்குக் கடிகாரம் பழக்கமில்லை. ஒரு நாள் காலையில் என் கணவர் ஸ்டாப் வாட்சைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதை அமுக்கினா ஓடும். திரும்ப அமுக்கினா நிக்கும். அவ்வளவுதான். வாரியா?"

"நானுங்களா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

ஆற்றின் குறுக்கே நூறடி இடைவெளியில் இரண்டு கயிறு கட்டியிருந்தார்கள். மேல் கயிற்றுக்குச் சற்று மேலே நின்று அண்ணன் மிதவையை விடுவார். அது மேல் கயிற்றின் கீழே நுழையும்போது என் கணவர் கைக்குட்டையைக் கீழே இறக்குவார். நான் வாட்சை அமுக்க வேண்டும். கீழ்க் கயிற்றைத் தாண்டும்போது திரும்ப அமுக்க வேண்டும். ஆபீசிலிருந்து கொடுத்தனுப்பிய மரக்கட்டை மிதவைகள் எல்லாம் முதல் வெள்ளத்திலேயே போய்விட்டன. பிறகு கமலாப்பழத்தை விட்டோம். அது தண்ணீரில் முக்கால்வாசி அமிழ்ந்து போகும், காற்று தள்ளாது, நிறம் தூரத்திலிருந்தே தெரியும். கீழே அக்கா கூடையோடு நின்று பழங்களைப் பிடிப்பார். வேலை முடிந்ததும் உரித்துத் தின்போம்.

நூறடி போக இருபது நொடி என்றால் நொடிக்கு ஐந்து அடி. இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் நொடிக்கு ஐந்து அடி என்றால் அது வேகமா, மெதுவா என்று மனசில் படவில்லை. அவரிடம் கேட்டேன். அவர் அடுப்புக் கரியை எடுத்து ஒரு பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மைலுக்கு ஐயாயிரத்து இருநூற்றெண்பது அடி. ஒரு மணிக்கு மூவாயிரத்து அறுநூறு நொடி. இரண்டையும் வகுத்துச் சுருக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பது இதுதான்: மணிக்குப் பதினைந்து மைல் என்பதும் நொடிக்கு இருபத்திரண்டு அடி என்பதும் ஒன்று.

"பதினஞ்சுக்கு இருவத்திரண்டு. இதை மட்டும் வெச்சுக்க. அடியைப் பதினஞ்சால பெருக்கி இருவத்திரண்டால வகுத்தா மைலு. மைலை அடியாக்கணும்னா தலைகீழா."

ஐந்தைப் பதினைந்தால் பெருக்கினால் எழுபத்தைந்து. இருபத்திரண்டால் வகுத்தால் மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு மூன்றரை மைல். சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று நடக்கிற ஆளின் நடை. ஆறு எனக்கு அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். அதுவரை அது சத்தமாகத்தான் இருந்தது.

அந்த மாதங்களில் நான் எதைப் பார்த்தாலும் கணக்குப் போட்டேன். மலைக்காரர்களுக்கு ஆற்றின் வேகத்தைச் சொல்ல அவர்களுடைய பேச்சு ஒன்று உண்டு. "இன்னிக்கி சுமைக்காரி நடை" என்பார்கள். தண்ணீர் கூடினால் "வெறுங்கை நடை". அதற்கும் மேலே போனால் "நாய் ஓட்டம்". நாய் ஓட்டம் வந்தால் யாரும் ஆற்றில் இறங்க மாட்டார்கள். இதை அடிக்கு மாற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அக்காவை விறகுச்சுமையோடு கரையில் அந்த நூறடி நடக்கச் சொல்லி வாட்சை அமுக்கினேன். நொடிக்கு மூன்றடி, அதாவது மணிக்கு இரண்டு மைல். அண்ணனை வெறுங்கையோடு நடக்கவிட்டோம். தன்னை அளக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் வீறாப்பாக நடந்து எல்லாவற்றையும் கெடுத்தார். நாயை ஓடவைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அது நடுவில் நின்று உட்கார்ந்துகொண்டது. என் கணவர் கரையில் மல்லாந்து படுத்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பிறகு பார்த்ததில்லை.

சாயங்காலம் அவர் தாளை நீட்டுவார். நான் வகுத்துச் சொல்லச் சொல்ல எழுதுவார். சில நாள் என் விடையைச் சரிபார்க்கக்கூட மாட்டார். அப்படி ஒருவர் என்னை நம்பியது எனக்குப் பெரிதாக இருந்தது.

கார்த்திகை கடைசியில், மழை ஓய்ந்த சமயம், பட்டணத்திலிருந்து பெரிய எஞ்சினியர் பார்க்க வந்தார். நம்மவர்தான், ஐம்பது வயது இருக்கும், கோட்டும் தொப்பியும். நடந்து ஏற முடியாமல் டோலியில் வந்தார். தேவனூர் நாட்டுப் பெரியவர்கள் சிலரும் கூடவே வந்துவிட்டார்கள். நான் தட்டிக்குப் பின்னால் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே பேசுவது அத்தனையும் கேட்டது.

எஞ்சினியருக்கு இடுப்பு வலி. டோலிக்காரர்கள் மேல் கோபம். "மணிக்கு ரெண்டு மைல்கூட இல்லை ஐயா இவங்க வந்தது. வண்டிமாடு இதைவிட வேகமா வரும்" என்றார். பிறகு ஆற்றைப் பார்த்தார் போலிருக்கிறது. குரல் கொஞ்சம் தணிந்தது.

"இது பரவாயில்லையே. இந்த ஆறு எவ்வளவு வேகம் போகுது?"

"அஞ்சுங்க சார்" என்றார் என் கணவர்.

"அஞ்சா?"

"ஆமாங்க. இந்த வாரம் முழுக்க அஞ்சுக்குக் குறையலீங்க."

"ரொம்ப நல்லா இருக்கு."

என் கையில் பால் செம்பு. நான் அப்படியே நின்றேன். பேச்சு மைலில் நடந்துகொண்டிருந்தது. இவர் அடியில் பதில் சொல்லிவிட்டார். நொடிக்கு என்றும் சொல்லவில்லை, அடி என்றும் சொல்லவில்லை. மூன்று மாதமாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வார்த்தைகள் தேவைப்படவில்லை. எண் மட்டும் போதும். அந்தப் பழக்கத்தில் சொன்னார்.

மணிக்கு ஐந்து மைல் என்றால் நொடிக்கு ஏழடிக்கும் மேல். இருக்கிற ஆற்றைப் போல ஏறக்குறைய ஒன்றரை ஆறு. எஞ்சினியர் அந்த ஒன்றரை ஆற்றை மனசில் வைத்துக்கொண்டு அகலம் என்ன, ஆழம் என்ன, விழுகிற உயரம் என்ன என்று கேட்டார், வாய்க்குள்ளேயே பெருக்கினார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடியிருந்தவர்களிடம், "இன்னும் நாலஞ்சு வருஷத்தில் இங்கே விளக்கு எரியும்" என்று சொன்னார். கைத்தடியால் கரையைக் காட்டி, "வாய்க்கால் இப்படி வரும். இந்த மரமெல்லாம் இருந்தால் நேர்க்கோடு பார்க்க முடியாது. அடுத்த தடவை நான் வரும்போது சுத்தமாக இருக்கட்டும்" என்றார். அவர் காட்டிய இடம் பலாமர வரிசை.

"மரம் யாருது?" என்று கேட்டார்.

"நம்முளுதுங்க" என்றார் அண்ணன்.

"உனக்கு இங்கேயே வாட்ச்மேன் வேலை. சரிதானே?"

அண்ணன் என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. கும்பிட்டிருப்பார்.

சாப்பிட்டுவிட்டு எஞ்சினியர் கிளம்பிப் போனார். நான் இலைகளை எடுத்துக்கொண்டே என் கணவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, அவரு அஞ்சு மைலுன்னு நெனச்சிட்டாருங்க."

"யாரு?"

"எஞ்சினியரு. டோலி ரெண்டு மைலுன்னு பேசிட்டே கேட்டாரு. நீங்க அடின்னு சொல்லலீங்க."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். முதலில் யோசித்தார். பிறகு, "அத்தனை பெரிய ஆளுக்கு அது தெரியாதா? ஆத்து வேகத்தை யாரு மைலுல சொல்லுவா?" என்றார்.

"அப்பறம் எதுக்குங்க அத்தனை சந்தோசப்பட்டாரு?"

"நம்ம தாள்ல தெளிவா அடின்னு போட்டிருக்கு."

"தாளை அவரு பாக்கலீங்களே. வாயிலதானே கேட்டுட்டுப் போறாரு. விளக்குன்னு சொல்லிட்டாரு, மரத்தை வெட்டச் சொல்லிட்டாரு." எனக்குப் படபடப்பு. "இப்பப் போனாக்கூடப் புடிச்சிரலாங்க. டோலி ரெண்டு மைலு நடை. அவரு போயி அரை மணி ஆச்சு, ஒரு மைலு போயிருப்பாரு. நீங்க நாலு மைலு நடை நடந்தீங்கன்னா அரை மணியில புடிச்சிரலாம். மலை எறக்கத்துக்கு முந்தியே."

அவர் குடையை எடுத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். தட்டிக்கதவு வரை போய், பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. பட்டணத்து எஞ்சினியரை நடுவழியில் டோலியை நிறுத்தச் சொல்லி, ஊர்ப் பெரியவர்கள் சுற்றி நிற்க, நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று சொல்ல வேண்டும். அல்லது நான் தப்பாகச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். விளக்கு வரும் என்று சொன்ன வாயை ஒரு மணி நேரத்துக்குள் மூடவைக்க வேண்டும்.

குடையை மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எழுதிப் போட்டுக்கலாம்" என்றார்.

எழுதினார். அன்றைக்கே எழுதினார். ஆனால் அது எப்படிப்பட்ட கடுதாசி என்று எனக்குத் தெரியும், படித்துக் காட்டினார். எஞ்சினியர் வந்துபோனதில் மகிழ்ச்சி, அவர் பார்வைக்காக இம்மாத அளவுகளை இத்துடன் வைத்திருக்கிறேன் என்று போயிற்று. தப்பு நடந்துவிட்டது என்று அதில் எங்கேயும் இல்லை. "அடி" என்ற வார்த்தையின் கீழ் மட்டும் இரண்டு கோடு போட்டார். "இன்னும் கொஞ்சம் தெளிவா எழுதுங்க" என்றேன். "எனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அது கோபமான குரல் அல்ல. வேறு ஏதோ. நான் உறையை எடுத்துக் கொடுத்தேன்.

மரங்களை வெட்டாமல் நாளைத் தள்ளலாம் என்று அவர் நினைத்தார். அண்ணனிடம், "பொறு, மேலேருந்து உத்தரவு வரட்டும்" என்றார். ஏன் பொறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அண்ணனுக்கு நெஞ்சில் வேறு மாதிரி பட்டுவிட்டது. வாட்ச்மேன் வேலையை ஓவர்சீயர் கீழ்நாட்டுக்காரர் யாருக்கோ வைத்திருக்கிறார், அதனால்தான் இழுக்கிறார் என்று எண்ணிக்கொண்டார். இது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "இவரு ராத்திரியெல்லாம் கம்பத்துல வெளக்கு எரியறதயே பேசறாரு அம்மிணி. நான் பொறுங்கன்னா என்ர மேல பாயுறாரு" என்றார். நான் என் கணவரிடம் சொன்னேன். "அந்த ஆளுகிட்ட உள்ளதச் சொல்லிருங்க" என்றேன். அவர் சரி என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அப்படியே மார்கழி பிறந்துவிட்டது.

அக்கா ஒரு கல்யாணத்துக்காகத் திருப்புலி நாட்டுக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். ஒரு நாள் காலையில் கோடாலிச் சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். அண்ணனும் அவர் பங்காளிகள் இரண்டு பேரும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று மரம் ஏற்கெனவே விழுந்துகிடந்தது.

"என்னப்பா இது, பொறுன்னு சொன்னேனே" என்றார் என் கணவர்.

அண்ணன் நிமிர்ந்து சிரித்தார். "பெரியவரு வந்தா சுத்தமா இருக்கோணும்னு சொன்னாருங்க சாமி. நீங்க அவருகிட்டச் சொல்லுங்க, நானாத்தான் வெட்டுனேன்னு."

என் கணவர் வாயைத் திறந்தார். அந்தக் கணத்தில் சொல்லியிருந்தால்கூட மீதி மரங்கள் நின்றிருக்கும். அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் திரும்பிக் குடிசைக்குப் போய்விட்டார். நான் அண்ணனிடம் போய், "வேண்டாங்க அண்ணா, ஆத்துல அத்தனை தண்ணியில்ல, வெளக்கு வருமான்னே தெரியாது" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெரியவரே சொல்லிட்டாருங்க அம்மிணி. உங்களுக்கென்னுங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து அக்கா வந்தார். அழவில்லை. விழுந்துகிடந்த கொடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, முற்றாத பச்சை மிளகை உருவி உருவிக் கூடையில் போட்டார். நானும் கூட உட்கார்ந்து உருவினேன். பிஞ்சு மிளகு, காய்ந்தால் சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாதா. இருந்தாலும் பொழுது சாயும்வரை உருவினார். அண்ணன் தூரத்தில் நின்று ஏதோ வேடிக்கை சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பங்குனியில் ஆறு இளைத்துவிட்டது. பழம் கல்லில் தட்டித் தட்டி நின்றது. நான் வாட்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன், பழம் வந்து சேராது. நொடிக்கு ஒரு அடிகூட இல்லாத நாள் வந்தது. சித்திரையில் அவரைக் கீழே கூப்பிட்டார்கள். பட்டணத்து எஞ்சினியர் தன் கணக்கை எல்லாருக்கும் காட்டிவிட்டிருந்தார். யாரோ எங்கள் தாள்களோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, எங்கேயோ இடிக்கிறதே என்று கேட்டிருக்கிறார்கள். எஞ்சினியருக்குச் சபையில் அவமானம். நேரில் கேட்டேன், அஞ்சு என்று சொன்னான் என்றாராம். இவரும் ஆமாம், அஞ்சு என்றுதான் சொன்னேன் என்றாராம். இரண்டு பேர் சொன்னதும் நிஜம்.

திரும்பி வந்தவர் சாப்பிட உட்கார்ந்தார். தனக்கு மாற்றல், வேறு ஜில்லாவில் சாமான் கிடங்கு, ஆற்று வேலை நின்றுபோச்சு என்று அத்தனையையும் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நான் அன்றைக்கே சொன்னேனே என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அந்த வார்த்தை அதில் எழுதியிருந்ததோ என்னவோ. பார்வையை எடுத்துக்கொண்டார்.

வைகாசியில் குடிசையைப் பிரித்தோம். அண்ணன் சுமை தூக்க வரவில்லை. காட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். அக்கா மட்டும் கரையில் நின்றார்.

"ஏனுங் அம்மிணி, என்னதான் ஆச்சு? வெளக்கு இல்லீன்னு ஆயிப்போச்சுங்களா?"

நான் அவருக்கு விளக்கிச் சொல்ல முயன்றேன். அடி என்று ஒன்று, மைல் என்று ஒன்று. நொடிக்கு என்று ஒன்று, மணிக்கு என்று ஒன்று. இவர் ஒன்றைச் சொன்னார், அவர் இன்னொன்றாக எடுத்துக்கொண்டார். அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்கி எங்கூட்டுக்காரரக் கேட்டு, அவரு சுமைக்காரி நடைன்னு சொல்லியிருந்தாருன்னா?"

"சுமைக்காரி நடை இல்லீங்க அக்கா, வெறுங்கை நடை. அப்புடிச் சொல்லியிருந்தா எஞ்சினியருக்கும் புரிஞ்சிருக்கும்."

"ம்" என்றார். வெட்டிய இடத்தைப் பார்த்தார். அடிமரங்களில் சிலதில் சிவப்பாகத் துளிர் விட்டிருந்தது. "சரிங்க, பாத்து எறங்குங்க. ஈரமா இருக்கும்" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். அவர் திட்டாததை இத்தனை வருஷம் சுமந்துகொண்டிருக்கிறேன்.

புது ஊரில் வீடு நன்றாக இருந்தது. குழாயடி, கடைத்தெரு, எல்லாம் பக்கத்தில். அடுத்தடுத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர் நல்ல மனுஷர். என்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதும் குறைவு. கிடங்கில் என்ன வந்தது, என்ன போனது என்று வீட்டில் பேசுவதில்லை. கணக்குத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் திண்டில் சாய்ந்துகொண்டு தானே போடுவார். ஒரு தடவை நான், "குடுங்க, நான் வகுத்துத் தாறேன்" என்றேன். "வேண்டாம் புள்ள, உனக்கு அடுப்பு வேலை கெடக்குது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஒரு தடவை பிள்ளைகளோடு ரயிலில் போனோம். தண்டவாளத்தோரம் மைல்கற்கள் வந்துகொண்டிருந்தன. மூத்தவள், "அப்பா, ரயிலு எத்தனை வேகம் போவுது?" என்று கேட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்ததைப் பார்த்தேன். நானும் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை மனசுக்குள் நொடி எண்ணினேன். எனக்கு விடை வந்துவிட்டது, மணிக்கு முப்பது மைல், நொடிக்கு நாற்பத்து நாலு அடி. அவருக்கும் வந்திருக்கும். என் பக்கம் லேசாகத் திரும்பினார், நான் சொல்வேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. நான் அவர் சொல்லட்டும் என்று இருந்தேன். அவர் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "வேகமாத்தான் போவுது கண்ணு" என்றார்.

சண்டை முடிகிற சமயத்தில் ஒரு சாவுக்காக முள்ளுக்குறிச்சிக்கு நான் மட்டும் போயிருந்தேன். சந்தை நாள். கூட்டத்தில் யாரோ "அம்மிணி" என்று கூப்பிட்டார்கள். அண்ணன். தலை பாதி நரைத்துவிட்டது. பலாப்பழம் இறக்கி வைத்திருந்தார். வெட்டிய மரத்தில் துளிர்த்ததா, வேறு மரமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்.

"மொளகுக்கொடி திரும்ப வெச்சேனுங்க. ரெண்டு மரத்துல புடிச்சிருக்கு. மத்ததுல புடிக்கலீங்க."

"அக்கா எப்புடி இருக்காங்க?"

"காச்சல்ல போயிட்டாளுங்க. போன ஐப்பசியில."

அவர் பழத்திலிருந்து ஒரு சுளையைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். வேடிக்கை ஒன்றும் சொல்லவில்லை.

"சாமி நல்லா இருக்காருங்களா?"

"இருக்காருங்க."

"ஒரு தடவ மேல வரச்சொல்லுங்க. நான் அவரத் தப்பா நெனச்சிட்டேனுங்க அப்ப. கீழ ஆபீசுல இருந்த ஒருத்தரு அப்பறம் எல்லாஞ் சொன்னாரு. ஓவர்சீயரு பாவம்னாரு. நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லோணும்."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அக்கா போன செய்தியைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் வரச் சொன்னதைச் சொன்னேன்.

"வெயில் தாழட்டும், போலாம்" என்றார்.

வெயில் தாழ்ந்தது. மழைக்காலம் வந்தது, பாதை வழுக்கும் என்றார். பனி வந்தது, அவருக்கு மூட்டு வலி. அந்த ஆண்டுக் கடைசியில் அண்ணனும் இறந்துவிட்டதாக முள்ளுக்குறிச்சியிலிருந்து வந்த ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் அப்போது வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். குளிக்கத் தண்ணீர் எடுத்து வைக்கச் சொன்னார். நான் எடுத்து வைத்தேன்.